நான் ஒட்டிய லேபிள்

பீப்பாய் உருட்டிக்கொண்டு வருகிறவர்கள்
முதலில் என் வேலியைத்தான் தட்டுகிறார்கள்.
ஆலை மூடியபின் குரா ஆற்றங்கரையில்
எனக்கு மிஞ்சிய உத்தியோகம் இது:
அடியில் பொறித்த எழுத்தை வாசிப்பது,
மூடிக்குள் மூக்கை நுழைக்காமல்
கையால் காற்றை விசிறி முகர்வது,
ஆகும், ஆகாது என்று சொல்வது.

நுக்ஸார் கொண்டுவந்தது ஆலிவ் ஊறிய பீப்பாய்.
ஆகும்.
இரண்டு தரம் கழுவு, வெயிலில் கவிழ்த்துப் போடு,
சுற்றிலும் விரல் நுழையத் துளை, அடியிலும் துளை.
துளையிலிருந்து விழுந்த பிளாஸ்டிக் சுருள்களைப்
பொறுக்கச் சொன்னேன், கோழி கொத்திவிடும் என்று.
முணுமுணுத்துக்கொண்டே பொறுக்கினான்.

பத்ரியின் இடது புருவம் இன்னும் முளைக்கவில்லை.
இரும்புப் பீப்பாய், காலிதானே என்று
வெட்டுத்தீயை வைத்தவன்.
காலிதான் வெடிக்கும், பத்ரி.
உள்ளே ஒன்றுமில்லை என்பதுபோல்
ஆவி உட்கார்ந்திருக்கும்.
இதை அவனுக்கு மருத்துவமனையில் வைத்துச் சொன்னேன்.
கொஞ்சம் தாமதம்தான்.

அக்டோபர் கடைசியில் சியூரி வந்தாள்.
குழந்தை வண்டியில் குழந்தைக்குப் பதில்
கயிற்றால் கட்டிய நீலப் பீப்பாய்.
கீறலில்லை. மூடி, வளையம் எல்லாம் இருந்தது.
"கிளிசரின். இதோ, எழுதியிருக்கிறது.
சோப்பில் போடுவது மண்ணை என்ன செய்துவிடும்?"

லேபிள் இடப்பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது.
கீழ்மூலையில் ஒரு காற்றுக் குமிழ்.
பத்தொன்பது வருடம் அந்தச் சாய்வுக்காகத்
திட்டு வாங்கிய இடக்கை என்னுடையது.

சம்பளம் வராத குளிர்காலம் அது.
விளக்கு விட்டுவிட்டு எரிந்த இரவு ஷிஃப்டில்
களைக்கொல்லிக்கு அடித்த லேபிள் தீர்ந்துபோனது.
இருப்பதை ஒட்டு, சரியானது நாளை வரும் என்றார்கள்.
மேசையில் ஒரு கட்டு இருந்தது, கிளிசரின் லேபிள்.
ஒட்டினேன். எத்தனை என்று எண்ணவில்லை.
நாளை வந்ததா என்று கேட்கவுமில்லை.
நிஜமான கிளிசரினுக்கும் நான்தான் ஒட்டினேன்.
அதே பசை. அதே சாய்வு.

"ஆகாது" என்றேன்.
"எழுதியிருக்கிறதே?"
"ஒட்டியது நான்."
அவள் அதைச் சிபாரிசு என்று எடுத்துக்கொண்டாள்.
"அப்புறம் என்ன பயம்?" என்று சிரித்தாள்.

எனவே சொல்ல வேண்டியதாயிற்று, முழுவதையும்,
வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி.
அவள் கயிற்றை அவிழ்த்தாள்.
முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்தாள்.
பிறகுதான் பேசினாள்:
"நேற்று உள்ளே கழுவிய தண்ணீரைப்
பூண்டுப் பாத்தியில் ஊற்றினேனே."

பீப்பாய் இப்போது என் கொட்டகை ஓரம் நிற்கிறது.
யாருக்கும் கொடுக்க முடியாது.
ஆற்றங்கரைக் குப்பையில் போட்டால்
வேறொரு வண்டியில் ஏறி வந்துவிடும்.
லேபிளைச் சுரண்டிவிட்டுச் சிவப்புப் பெயின்டில்
"தெரியாது" என்று எழுதினேன்.
சாய்வாகத்தான் வந்தது.
திபிலீசியில் ஓர் அலுவலகம் எடுத்துக்கொள்ளுமாம்.
மூன்று கடிதம் போட்டாயிற்று.

பனி விழுந்தது. நுக்ஸாரின் பீப்பாய்மேல் மட்டும் தங்கவில்லை.
திராட்சைச் சக்கையும் வால்நட் சருகும் உள்ளே வெந்து
துளைதோறும் ஆவி விட்டன.
போகிறவர்கள் கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார்கள்.
அவனுக்கு ஒரே பெருமை.

என் சமையலறை ஜன்னலில் பத்துத் தயிர்க் கிண்ணங்கள்.
ஐந்தில் என் மண், ஐந்தில் சியூரியின் பாத்தி மண்.
எல்லாவற்றிலும் பீன்ஸ் ஊன்றியிருக்கிறேன்.
விஷம் இருந்தால் இலை சுருண்டு காட்டிக்கொடுக்கும்.
வேலைக்குப் போகும் வழியில் தினமும்
அவள் கண்ணாடியைத் தட்டுகிறாள்.
பத்தும் முளைத்துவிட்டன.
இலை சுருண்டுதான் இருக்கிறது, பத்திலும்.
எந்தப் பீன்ஸும் முதலில் அப்படித்தான் வரும்
என்று கையால் சாடை காட்டுகிறேன்.
அவள் ஒருகணம் நின்று பார்த்துவிட்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள்.